ஜெபிக்கவே முடியவில்லை, இந்த நிலையில் கடவுளின் வழிநடத்துதலை எப்படிக் கண்டுகொள்வது?

கேள்வி கேட்ட தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்: சொந்த ஊர் ஆற்காடு, சென்னையில் ஐ.டி. வேலை. சின்ன வயதிலிருந்து சபையிலேயே வளர்ந்தவர். இப்போது சில மாதங்களாக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை, வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது. இந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்தில் ஓர் ஊழியர் இவர் தலையில் கை வைத்து, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரும்படி கர்த்தர் சொல்வதாகச் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா அழுகிறார். வேலையை விடுவதா, வேண்டாமா?

நான் காட்பாடியில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபை. ஓய்வுநாள் பள்ளியில் பல வருஷம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள், இறையியல் படித்தவள் இல்லை. உங்கள் நிலையில் நானும் நெடுநாள் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில்: இப்போது ராஜினாமா செய்யாதீர்கள் தம்பி. முழுநேர ஊழியம் தவறு என்று சொல்லவில்லை. உள்ளே வறண்டு கிடக்கும்போது வாழ்க்கையைத் திருப்பிப்போடும் முடிவு எதையும் எடுக்கக்கூடாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இஞ்ஞாசியார், கத்தோலிக்கர்களின் இயேசு சபையைத் தொடங்கியவர். போர்வீரராக இருந்தவர், 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுக்கையில் கிடந்தபோது, தன் மனதில் எந்த நினைவு வந்து போனால் நிறைவு தங்குகிறது, எது வந்து போனால் வெறுமை மிஞ்சுகிறது என்று கவனிக்கத் தொடங்கினார். பிற்பாடு அவர் எழுதிவைத்த விதிகளில் ஒன்று: மனம் வறண்டு கலங்கியிருக்கும் காலத்தில் எதையும் மாற்றாதே, தெளிவாக இருந்த நாளில் எடுத்த தீர்மானத்திலேயே நில். நான் சி.எஸ்.ஐ.காரிதான், ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

இதற்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ரோமர் 12:2ஐ வாக்குத்தத்த அட்டையில் பாதிதான் அச்சடிப்பார்கள். முழு வசனத்தையும் பாருங்கள்: "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்." தேவ சித்தம் இன்னதென்று பகுத்தறிய வேண்டுமானால் அதற்கு முன்னால் மனம் புதிதாக வேண்டும். அந்த நிருபத்தை எழுதிய பவுல் வைத்திருக்கும் வரிசை அதுதான். நாம் தலைகீழாகச் செய்கிறோம். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மனசு சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்கிறோம். உங்களுக்கு இப்போது முதலில் தேவைப்படுவது பதில் இல்லை, புதுப்பலன்.

அந்தப் பலன் எப்படி வரும்? தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்த உடனே, ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார். இரண்டாம் முறையும் அதே சாப்பாடு. அதற்கப்புறம்தான் ஓரேப் மலை, அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம். அந்தச் சத்தம்கூட வாழ்க்கை முழுவதற்கும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போ, இன்னின்னாரை அபிஷேகம் பண்ணு என்று சில வேலைகள் கொடுத்தது. அதில் ஒன்று எலிசாவைச் சேர்த்துக்கொள்வது. தனியாகக் கிடந்த மனிதருக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்தார்.

ஆகவே நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இரவு ஷிப்டும் மாதாமாதம் முழு இரவு ஜெபமும் சேர்ந்தால் யாருக்குத்தான் உடம்பு தாங்கும்? வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்று மேடையில் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு. நம் வேலூர் பாகாயத்திலேயே சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது; அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கிப் பார்த்துக்கொள்வார். இயேசுவின் பெயரால் நடக்கும் மருத்துவமனைதான் அது. அங்கே போவதும் கடவுளிடம் போவதும் வேறு வேறு என்று நான் நினைக்கவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கு ஜெபம் நின்றுவிட்டது. ஆராதனைக்குப் போவேன், பாமாலை பாடுவேன், வாய் மட்டும் அசையும். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் எழுபது வசனம் சொன்னார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. எங்கள் தெருவில் ஒரு ஆயா, பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தினமும் வருவார். அறிவுரையே கிடையாது. "நீ படிக்க வேணாம்மா, நான் படிக்கறேன், நீ கேட்டுக்கினு இரு" என்று சங்கீதத்தில் விட்ட இடத்திலிருந்து ஒன்று படிப்பார். அப்புறம் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அப்படிக் கேட்டபோதுதான் சங்கீதங்களில் புகழ்ச்சியைவிடப் புலம்பல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. மொத்தம் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லை. இதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! எனக்குச் சொந்தமாக வார்த்தை வராத நாளில், எனக்கு முன்னால் இதே இடத்தில் நின்று கதறிய ஒருவரின் வார்த்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் கற்றேன். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, அவரும் பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டோடுதான் கல்கத்தாவில் சேவை செய்தார் என்று உலகத்துக்குத் தெரிய வந்தது. வறட்சி வந்தாலே கடவுள் கைவிட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் நடந்தது. எனக்கு ஓரளவு இந்தி தெரியும் என்பதால் எங்கள் ஐயரம்மா, அதாவது ஆயரின் மனைவி, என்னை சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளைப் பார்க்கக் கூட்டிப்போனார். வேலூர் காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, சிகிச்சை முடியும்வரை அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். எனக்குக் கிடைத்த முதல் ஊழியம் ஒரு அம்மாவுக்குக் கடுகு எண்ணெய் விற்கும் கடையைக் காட்டியதுதான். அவர் மகனுக்கு அடுத்த நாள் ஆபரேஷன். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று நான் கேட்கவில்லை, அவராகவே என் கையைப் பிடித்து "எங்களுக்காகக் கேளுங்கள்" என்றார். மாதக்கணக்கில் எனக்காக வராத ஜெபம் அவர் பிள்ளைக்காக வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்காக மறுபடியும் வரவில்லை. அதற்கு இன்னும் நெடுநாள் ஆனது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் போய்க்கொண்டே இருந்தேன்.

வழிநடத்துதல் என்றால் வேலூர்க்காரர்கள் நாம் வேறெங்கோ போய்த் தேட வேண்டியதில்லை. சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பிறந்தது 1870இல் ராணிப்பேட்டையில், உங்கள் ஆற்காட்டுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். மிஷனெரி வேலையே வேண்டாம், அமெரிக்காவில் வாழ்ந்துவிடலாம் என்று இருந்த இளம்பெண், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றும்படி கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர். டாக்டரான அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தக் கதையை வேலூரில் எல்லாருக்கும் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. அவர் மறுநாளே ஓடிப்போய் மருத்துவமனை கட்டவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி, மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கினார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான். கூப்பிட்டது தேவை. அவர் பதில் சொன்னது வருஷக்கணக்கான படிப்பாலும் உழைப்பாலும். இன்று அங்கே இருக்கும் பெரிய மருத்துவமனையை அந்தத் திண்டிவன இரவில் யாரும் அவருக்குக் காட்டவில்லை.

இதை வைத்து அந்த ஊழியர் சொன்ன வார்த்தையை நிறுத்துப் பாருங்கள். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே என்று சொல்லும் அதே பவுல், அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். உங்களைப் பல வருஷமாகத் தெரிந்தவரா அந்த ஊழியர்? உங்களால் யாருக்காவது ஏற்கனவே பிரயோஜனம் நடந்துகொண்டிருக்கிறதா, உங்கள் சபையில் யாராவது உங்களிடம் அந்த வரத்தைக் கண்டிருக்கிறார்களா? எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடி ஒரு சிக்கலான முடிவு எடுத்தபோது, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். ஒருவர் காதில் மட்டும் விழுந்த செய்தியாக அது இல்லை, உட்கார்ந்து பேசி, வாதாடி, கேட்டு எடுத்த முடிவு. உங்கள் ஆயர், உங்களிடம் முகத்துக்கு நேரே உண்மை பேசும் ஒரு நண்பர், அப்புறம் உங்கள் அம்மா. இந்த மூன்று பேரோடும் உட்காருங்கள். அம்மா அழுவதை விசுவாசத்துக்குத் தடை என்று சொல்லிக்கொடுத்திருந்தால் அதைக் கேட்காதீர்கள். சிலுவையில் தொங்கும்போதும் தன் தாயை யோவானிடம் ஒப்படைத்தவரைத்தான் நாம் பின்பற்றுகிறோம்.

ஒரு நாள் லீவு கிடைத்தால் திருப்பத்தூரில் இருக்கும் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குப் போய்வாருங்கள். சேசுதாசன் என்ற தமிழரும் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும், இருவருமே டாக்டர்கள், 1921இல் தொடங்கியது. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஜனங்கள் கூப்பிட்டார்கள். கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, நம் ஊர்க் கோயில் அமைப்பிலேயே கோபுரத்தோடு ஜெபாலயம் கட்டினார்கள். மைக் கிடையாது, யாரும் தலையில் கை வைக்க மாட்டார்கள். நான் போன அன்று பாதி நாள் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

மற்றபடி இந்த வாரத்துக்கு மட்டும் சொல்கிறேன். தினமும் ஒரு சங்கீதத்தை வாய்விட்டுப் படியுங்கள், 13இல் தொடங்குங்கள், ஆறே வசனம். உணர்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். படுக்கப் போகும் முன் அன்றைய நாளில் எந்த நேரம் மனசு லேசாக இருந்தது, எந்த நேரம் கனத்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இஞ்ஞாசியார் படுக்கையில் கிடந்து செய்தது இதைத்தான். சனிக்கிழமை உங்கள் சபையில் யாராவது நோயாளியையோ முதியவரையோ பார்க்கப் போகிறார்கள் என்றால் கூடப் போங்கள். சில மாதம் போகட்டும். மனம் தெளிந்த பிறகும் அதே ஊழியத்தின்மேல் அதே ஆசை நிற்கிறது, சபையும் அதை ஆமோதிக்கிறது என்றால் அப்போது இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள். அம்மாவிடம் நானே வந்து பேசுகிறேன்.

அந்த ஊழியர் திரும்பவும் போன் செய்து ஏன் இன்னும் கீழ்ப்படியவில்லை என்று கேட்டால், "ஐயா, என் சபையோடு சேர்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். உண்மையாகவே கர்த்தர் அவரை அனுப்பியிருந்தால் அவர் காத்திருப்பார்.