பண்டைய எகிப்தின் உப்பு: கண்காட்சி மேசையில் எதை வைப்பது?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பள்ளிக் கண்காட்சியில் பண்டைய எகிப்தியர் உணவு பற்றிய மேசை எங்கள் வகுப்பின் பொறுப்பு. மம்மி செய்யப் பயன்பட்ட நேட்ரான்தான் அவர்களுடைய சமையல் உப்பும் என்று ஒரு மாணவி எழுதி வந்திருக்கிறாள். அங்கே உப்புதான் பணம் என்கிறான் இன்னொரு மாணவன். இவை சரியா? மேசையில் என்ன வைக்கலாம்? மீனையோ கோழியையோ உப்பில் பதப்படுத்திக் காட்டலாமா?

பதில்: இரண்டுமே தவறு. ஆனால் மாணவியின் தவறுக்குக் காரணம் உண்டு. திருத்துவதற்கு முன் ஒரு வார்த்தை பாராட்டிவிடுங்கள்.

எகிப்தில் இரண்டு வெள்ளைப் பொருள்கள் புழங்கின. ஒன்று நாம் உண்ணும் அதே உப்பு, சோடியம் குளோரைடு. மற்றது நேட்ரான். கெய்ரோவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் வாதி நத்ரூன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள ஏரிகள் வற்றும்போது கரையில் படிவது நேட்ரான். தெற்கே எல் காப் என்ற ஊர்ப்பக்கமும் அது கிடைத்தது. சலவை சோடாவும் சமையல் சோடாவும் இயற்கையிலேயே கலந்து கிடந்தால் எப்படி இருக்குமோ அதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். கூடவே சோடியம் சல்பேட்டும் சாதாரண உப்பும் கலந்திருக்கும். எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறைப் பொருள்களை ஆராய்ந்த வேதியியலர் ஆல்பிரட் லூகாஸ் எல் காப் நேட்ரானையும் சோதித்தார்; சில மாதிரிகளில் பாதிக்கும் மேல் வெறும் உப்புதான். மாணவி குழம்பியதில் வியப்பில்லை.

எகிப்தியர் குழம்பவில்லை. கி.மு. 1850 வாக்கில் எழுதப்பட்ட கதை ஒன்றில், வாதி நத்ரூன் பகுதியைச் சேர்ந்த குனானுப் என்ற குடியானவன் பிள்ளைகளுக்குத் தானியம் வாங்கிவரக் கழுதைகள்மேல் சரக்கேற்றிக்கொண்டு நைல் கரைக்குப் புறப்படுகிறான். வழியில் அந்தச் சரக்கை ஒருவன் பறித்துக்கொள்ள, குனானுப் அதிகாரியிடம் நியாயம் கேட்டுப் பேசுவதுதான் மீதிக் கதை. கழுதைகள் சுமந்த பொருள்களின் பட்டியலில் நேட்ரான் தனி, உப்பு தனி. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து மன்னர் மூன்றாம் ராம்சேஸ் கோயில்களுக்கு வழங்கிய கொடைகளின் கணக்கிலும் அப்படியே: நேட்ரான் கட்டிகள் ஒரு வரி, உப்புக் கட்டிகள் வேறொரு வரி. ஒரே பொருளை எந்தக் கணக்கரும் இரண்டு வரியில் எழுதமாட்டார். ஆகவே உங்கள் மேசையில் இரண்டு கிண்ணங்கள் வேண்டும். உணவுப் பக்கம் உப்பு. நேட்ரான் கொஞ்சம் தள்ளி, மூடிய கண்ணாடிக் குப்பியில், ‘உண்ணக் கூடாது’ என்ற சீட்டுடன் இருக்கட்டும்.

உணவுப் பக்கத்துக்குச் சாதாரணக் கல்லுப்பு போதும். இப்போது கடைகளில் விற்கும் இளஞ்சிவப்பு உப்பைத் தயவுசெய்து வைக்காதீர்கள்; அதற்கும் எகிப்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெரிய பெரிய படிகங்களாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் மேற்குப் பாலைவனத்தில் அம்மோன் என்ற தெய்வத்தின் கோயில் இருந்த சீவா சோலையில் தரையிலிருந்து வெட்டி எடுத்த உப்பைப் பற்றி, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அரியன் அருகிலிருந்து பார்த்தவரைப் போல ஒரு குறிப்புத் தந்திருக்கிறார். சில படிகங்கள் மூன்று விரலகலத்துக்கும் நீளமானவை, பளிங்குபோல் தெளிவானவை. அம்மோனின் பூசாரிகள் அவற்றைப் பனை வகை ஓலையில் முடைந்த கூடைகளில் வைத்து எகிப்துக்குக் கொண்டுபோய் அரசருக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். கடலுப்பைவிடத் தூயது என்பதால் எகிப்தியர் அதைப் பலிச் சடங்குகளில் பயன்படுத்தினார்கள். ஒரு ஓலைக் கூடை கிடைத்தால் இந்தச் செய்தியை அப்படியே மேசைமேல் காட்டிவிடலாம்.

கடலுப்பின்மேல் ஏன் அந்த இளக்காரம்? கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் பதில் வைத்திருக்கிறார். கடல் தீய தெய்வமான டைஃபோனுக்கு, அதாவது எகிப்தியரின் சேத்துக்கு, உரியது. அதன் உப்பு அவனுடைய நுரை என்று பூசாரிகள் ஒதுக்கினார்களாம். நோன்புக் காலத்தில் அவர்கள் உப்பையே விட்டுவிட்டதற்கு அவர் சொல்லும் இன்னொரு காரணம் எனக்குப் பிடித்தது: உப்பு பசியைக் கிளப்பி அதிகமாகத் தின்னவும் குடிக்கவும் வைக்கும். இது பூசாரிகளின் கட்டுப்பாடு மட்டுமே. ஊர் மக்கள் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள் என்று யாரும் பலகையில் எழுதிவிடக் கூடாது.

இனி மீன். உங்கள் மேசையின் நடுவிடம் அதற்குத்தான். கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள சக்காரா என்ற இடத்தின் கல்லறைச் சுவர்களில், நைலில் பிடித்த மீனைக் கத்தியால் பிளந்து, விரித்து, காயப்போடும் ஆட்களைப் பார்க்கலாம். அந்தச் சிற்பங்களில் கத்தி தெரியும், பிளந்த மீன் தெரியும், உப்பு தெரியாது. மெல்லியதாகப் பிளந்த மீனுக்கு எகிப்து வெயிலே போதும் என்பதால், படத்தை மட்டும் வைத்து ‘உப்பு தடவுகிறார்கள்’ என்று எழுதாதீர்கள். உப்புக்கான சாட்சி கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே போய்வந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். சில மீன்களை வெயிலில் காயவைத்தும் சிலவற்றை உப்புநீரில் ஊறவைத்தும் சமைக்காமலே உண்டார்கள், காடை, வாத்து, சிறு பறவைகளை உப்பிட்டுப் பச்சையாகவே தின்றார்கள் என்கிறார் அவர். தீப்ஸ் நகரில் நக்த் என்பவரின் கல்லறை ஓவியத்தில், வலையில் விழுந்த பறவைகளை இறகு பிடுங்கிக் குடல் எடுத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே வரிசையாகச் சாடிகள். பதப்படுத்திச் சாடியில் அடைக்கும் வேலை அது.

காட்சிக்குக் கடையில் விற்கும் மடவைக் கருவாடு பொருத்தம். மடவை வகை மீன்கள் எகிப்தியருக்கு நன்கு பழக்கம். கல்லறைச் சுவர்களில் அடிக்கடி நீந்தும் திலேப்பியா வகையைத்தான் நம் சந்தையில் ஜிலேபி மீன் என்று விற்கிறார்கள். அதன் படத்தைப் பக்கத்தில் ஒட்டினால் பெற்றோர் கட்டாயம் நின்று பார்ப்பார்கள்.

ஆனால் உப்புமீனைப் பள்ளியில் தயாரிக்க வேண்டாம். எகிப்தில் இன்றும் ஷாம் எல் நெசீம் என்ற வசந்த விழாவில் ‘ஃபெசீக்’ என்ற ஊறிய உப்பு மடவையை உண்கிறார்கள். 1991 விழாவின்போது, குடல் நீக்காமல் உப்பிட்ட மீனால் பொட்டுலிசம் என்ற நச்சுநோய் பரவி 91 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 18 பேர் இறந்தார்கள். அனுபவப்பட்டவர்கள் கையிலேயே இப்படி ஆகிறது. கோழிக்கும் இதே பதில்தான்.

உப்புப் பணத்துக்கு வருவோம். இல்லை. ‘புதிய அரசு’ எனப்படும் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 1550–1070) பொருளின் விலையைச் செம்பின் எடையிலோ தானிய மூட்டையிலோ கணக்கிட்டார்கள். அரச கல்லறைகளைக் குடைந்த தேர் எல் மதீனா தொழிலாளர்களுக்குக் கூலி கோதுமையும் பார்லியும். மீனும் தவறாமல் வந்தது. வணிகத்தில் உப்பு பெரும்பாலும் இப்படி மீனுக்குள் ஒளிந்துதான் பயணம் போயிருக்க வேண்டும். கி.மு. 1075 வாக்கில் நடப்பதாகச் சொல்லும் வெனாமுன் என்பவரின் கதையில், இன்றைய லெபனான் கரையிலிருந்த பிப்லோஸ் நகர அரசனிடம் மரம் வாங்க எகிப்திலிருந்து அனுப்பிய பொருள்களில் பொன், வெள்ளி, 500 சுருள் பாப்பிரஸ் (நாணல் தாள்), 500 மாட்டுத்தோல், 20 மூட்டை பருப்பு ஆகியவற்றோடு 30 கூடை மீனும் இருக்கிறது. அவ்வளவு தூரம் கடலில் போகும் மீன் பதப்படுத்தாத மீனாக இருக்க வழியில்லை. இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். அந்த மாணவனுக்கு ஆறுதலாக ஒன்று: கிரேக்க மரபினரான தாலமி மன்னர்கள் ஆண்டபோது, கி.மு. 263 முதல், ஆணும் பெண்ணும் ‘உப்பு வரி’ கட்டினார்கள். ஆணுக்கு ஒன்றரை டிராக்மா (கிரேக்க நாணயம்), பெண்ணுக்கு ஒன்று, பின்னர் குறைந்தது. ஆசிரியர்களுக்கு விலக்கு உண்டு. இதை நீங்களே பலகையில் எழுதிக்கொள்ளலாம்.

செய்முறை எதையாவது காட்டியே ஆக வேண்டும் என்றால் ஆப்பிள் போதும். சலவை சோடா, சமையல் சோடா, உப்பு மூன்றையும் சம அளவில் கலந்தால் நேட்ரான் மாதிரி ஒன்று கிடைக்கும். சலவை சோடா உலர்ந்த பொடியாக இருக்க வேண்டும். பளிங்குக் கட்டியாக வருவதில் எடையில் பாதிக்கும் மேல் நீர், அது ஆப்பிளின் ஈரத்தை எப்படி உறிஞ்சும்? ஒரே அளவு துண்டுகள் மூன்று எடுத்து, ஒன்றை இந்தக் கலவையிலும் ஒன்றை வெறும் உப்பிலும் முழுக்கப் புதையுங்கள், மூன்றாவதைச் சும்மா வையுங்கள். முதல் நாளும் ஒரு வாரம் கழித்தும் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். கலக்கும் வேலையைக் கையுறையோடு நீங்களே செய்யுங்கள்; சலவை சோடா கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். முடிந்த பிறகு கலவையை நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் கரைத்துவிடலாம். ஆப்பிள் துண்டுகள் குப்பைக்குத்தான். பள்ளி வாசலில் நிற்கும் ஆட்டுக்குக்கூடப் போடாதீர்கள்.