நண்பனுக்காகக் கச்சேரி வெச்சா தப்பா?

கேள்வி: அண்ணே, எங்க ஆர்கெஸ்ட்ராவுல ரிதம் பேடு வாசிச்சவன் மாசி மாசம் நெஞ்சுவலியில போயிட்டான். முளைப்பாரி, சர்ச் திருவிழா, கல்யாணம்னு தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும் ஒண்ணா சுத்துனவங்க நாங்க. அவன் பொண்டாட்டிக்கு வேலை இல்ல, ரெண்டு பொண்ணுங்க, பெருசுக்கு 12 வயசு, சின்னதுக்கு 6. கச்சேரி வெச்சு வர்றதைக் குடும்பத்துக்குக் குடுக்கலாம்னா, ‘வருஷம் திரும்பல, அதுக்குள்ள பாட்டா’ன்னு பெரியவங்க முறைக்கிறாங்க. மீன்பிடித் தடைக்காலத்துல வெச்சா கூட்டம் அள்ளும்ங்கிறான் ஒருத்தன், அவனோட ரிதம் பேடை ஏலம் விடலாம்ங்கிறான் இன்னொருத்தன். என்ன பண்ண?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, இங்கிலாந்து ராக் பாடகர் ஃபிரெடி மெர்குரி 1991 நவம்பர்ல எய்ட்ஸ்ல செத்தார், அடுத்த ஏப்ரல் 20-ம் தேதியே அவர்கூட குயின் குழுவுல வாசிச்சவங்க லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல அவருக்காகக் கச்சேரி வெச்சாங்க, எய்ட்ஸுக்காக ஒரு டிரஸ்ட்டே அதுல இருந்து வந்துச்சு. ஆனா தங்கச்சிமடத்துப் பெரியவங்ககிட்ட லண்டன் கதை எடுபடாது. நீங்க கேக்க வேண்டியது உங்க நண்பனோட பொண்டாட்டி, அந்தத் தங்கச்சியை மட்டும்தான். அவங்க சரின்னா ஊர் வாய் தானா அடங்கும், வேணாம்னா விட்டுருங்க. பேடும் அவங்க வீட்டுப் பொருள், ஏலம் விட நீங்க யாரு?

தடைக்காலம் மட்டும் வேணாம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில, ஆம்பளைங்க எல்லாம் ஊர்ல, கூட்டத்துக்குச் சேர் பத்தாதுதான், ஆனா அரசாங்கம் குடுக்குற 8,000 ரூபா நிவாரணத்தை இழுத்துப் பிடிச்சு ஓட்டுற வீட்டுல டிக்கெட்டுக்கு எங்க போவாங்க? கூட்டம் வேற, வசூல் வேற. தடை முடிஞ்சு, ஆடிக் காத்தும் கொஞ்சம் அடங்கினப்புறம் (இல்லன்னா மைக்ல காத்து மட்டும்தான் பாடும்) ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைங்க. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையில கரைக்கு வந்து, பிடிச்ச மீனை வித்த காசு கையில இருக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல மைக் போட விதியில இடமில்ல, திங்கக்கிழமை விடியக்காலை கடலுக்குப் போறவனுக்கும் அதுதான் வசதி. ஸ்டேஷன்ல முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிருங்க.

இப்ப பணம். இந்த மாதிரிக் கச்சேரி நிறையப் பாத்திருக்கேன், ஊர் முழுக்க ப்ளெக்ஸ், எல்இடி ஸ்கிரீன், சென்னையில இருந்து டிவியில பாடின பொண்ணு, அதுக்கு ரூம், கூட வந்தவங்களுக்குப் பிரியாணி, எல்லாம் போக மிஞ்சினதை ஒரு கவர்ல போட்டுக் குடும்பத்துக்குக் குடுத்து போட்டோ எடுப்பாங்க. நீங்க செலவைத் தலைக்கு இவ்வளவுன்னு முதல்லயே பிரிச்சுப் போட்டுக்கங்க, வசூல்ல கை வைக்காதீங்க. ரேடியோ செட்காரர்கிட்ட விஷயத்தைச் சொன்னா டீசல் காசோட விடுவார், உங்க நண்பன் எத்தனை மேடையில அவருக்காகக் காத்துக் கிடந்திருப்பான்! வாசல்ல ஒட்டுற க்யூஆர் கோடு அந்தத் தங்கச்சியோட பேங்க் கணக்கா இருக்கணும், உங்க யாரோடதும் கூடாது. ரொக்கத்தை மொய் நோட்டுல எழுதுங்க, பாட்டுக்கு நடுவுல பேரு வாசிக்கிறதும் நல்லதுதான், நம்ம ஊர்ல 500 குடுக்க நெனச்சவன் அதைக் கேட்டா 1,000 குடுப்பான். தங்கச்சியை மட்டும் மேடையில ஏத்தி அழ வைக்காதீங்க.

1971-ல வங்காளதேச அகதிகளுக்காக சிதார் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவுல இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்ல கச்சேரி வெச்சாங்களே, முன்கூட்டியே முறையாப் பதிவு பண்ணாததால ரெக்கார்டுலயும் படத்துலயும் வந்த பணம் வரித்துறையில பல வருஷம் மாட்டிக்கிச்சு. இங்கயும் சொந்தக்காரங்க இல்லாதவங்க குடுக்குறது வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினா வருமானக் கணக்குல சேரும். வரி வராமலே போகலாம், ஆனாலும் ஒரு ஆடிட்டரைப் பாத்துருங்க. சின்னப் பொண்ணுக்கு போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் போடலாம். பெரியவளுக்கு 10 வயசு தாண்டிருச்சு, அவ பேர்ல டெபாசிட்தான்.

கேள்வி: கச்சேரியில சினிமாப் பாட்டு பாடினா காசு கட்டணுமாமே?
– வாசகர், மண்டபம்

பதில்: டிக்கெட் போட்டா கட்டணும். பாட்டு எழுதினவங்க, மெட்டுப் போட்டவங்க உரிமையைப் பாக்குற சங்கம் ஐபிஆர்எஸ், அவங்ககிட்ட லைசென்ஸ் வாங்கணும். இலவசமா, அமெச்சூர் குழு (தொழிலா இல்லாம ஆசைக்குப் பாடுறவங்க) பாடினா சட்டத்துல விலக்கு உண்டு, ஆனா வருஷம் பூரா சம்பளத்துக்குப் பாடுற ஆர்கெஸ்ட்ராவை அமெச்சூர்னு சொன்னா யாரு ஒத்துக்குவா? நன்கொடைக் கச்சேரின்னு எழுதி, எவ்வளவு கட்டணும்னு முன்னாடியே கேட்டுக்கங்க.