வேலியைத் தள்ளிப் போட்டால் முதலில் எங்கே போவது?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவின் கிழக்கு வேலியைப் பக்கத்து வளவுக்காரர் ஐந்து வாரத்துக்கு முன் பிடுங்கி, எங்கள் பக்கம் இரண்டு அடி தள்ளித் தகரம் அடித்துவிட்டார். வேலி 90 அடி நீளம். பொலிஸில் முறைப்பாடு எழுதியாயிற்று. மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்கிறார்கள். நேரே வழக்குப் போடலாமா? வழக்கென்றால் பிள்ளைகள் காலம் வரை இழுக்குமே என்று பயமாக இருக்கிறது.

பதில்: நேரே நீதிமன்றம் போகலாம்; ஆனால் வேகமான வழிக்கு உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் அளவில்தான் மிச்சமிருக்கிறது.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணித் தகராறு கைகலப்பாக மாறக்கூடிய இடத்தில் நீதிமன்றம் தலையிட வழி செய்கிறது. பொலிஸ் தகவல் தாக்கல் செய்யலாம். அவர்கள் செய்யாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு (உண்மை என்று சத்தியம் செய்து கையொப்பமிட்ட எழுத்து வாக்குமூலம்) தாக்கல் செய்யலாம். காணி உறுதி யார் பெயரில் என்று அங்கே தீர்ப்பதில்லை. தாக்கலான அன்று காணி யார் கையில் இருந்தது என்றே பார்ப்பார்கள். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிடலாம். அந்தக் காலம் தாண்டினால் தகரம் அடித்தவர்தான் ஆட்சியில் இருப்பவர்.

பலர் ஏமாறுவது இங்கேதான். பொலிஸ் புத்தகத்தில் முறைப்பாடு எழுதிய திகதி இந்த இரண்டு மாதக் கணக்கை நிறுத்தாது. மத்தியஸ்த சபையில் விண்ணப்பம் கிடப்பதும் நிறுத்தாது. நீதிமன்றத்தில் தாக்கலான திகதிதான் கணக்கு. முறைப்பாடு எழுதும் மேசையிலேயே இதைச் சொல்லி அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய சீர்திருத்தம் அது.

66ஆம் பிரிவு வழக்கில் சாட்சிக்கூண்டை விடக் கடதாசிதான் பேசும். தரப்புகள் முன்னிலையானதும் சத்தியக்கடதாசிக்கு மூன்று வாரத்துக்கு மேற்படாத தவணை, கேட்டால் எதிர்ச் சத்தியக்கடதாசிக்கு இரண்டு வாரம், விசாரணையை முடிக்க மூன்று மாதம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் தவணை நீளும். ஆனாலும் உரிமை வழக்கைப் போல வருடக்கணக்கில் போகக்கூடாது என்பதற்காகவே வைத்த வழி இது.

"இன்ன இலக்க உறுதிப்படி காணி எனது" என்று மட்டும் எழுதிய சத்தியக்கடதாசி இங்கே உதவாது. எந்தத் திகதியில், யார், எப்படி வேலியைப் பிடுங்கினார், அதுவரை அந்த இரண்டடியை நீங்கள் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று எழுத வேண்டும். இன்றைக்கே போய்ப் படம் எடுங்கள்: பிடுங்கிய கதியால்களின் குழிகள், வெட்டிய பூவரசின் அடிக்கட்டை, பழைய வரியிலிருந்து புதுத் தகரம் வரை அளவு நாடாவை விரித்தபடி. மணல் நிலத்தில் ஒரு மழைக்குக் குழி தூர்ந்துவிடும். மற்றப் பக்கத்து அயலவர் ஒருவரின் சத்தியக்கடதாசியும் இணைத்தால் நல்ல பலம்.

66இல் கிடைப்பது தற்காலிகக் கட்டளைதான். அதற்கு மேன்முறையீடு இல்லை. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். உரிமையை இறுதியாகத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம்.

மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னது பிழையான ஆலோசனை அல்ல. 66ஐத் தாக்கல் செய்துவிட்டுப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி, குறித்த பெறுமதிக்கு உட்பட்ட சிவில் பிணக்கை, சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது. 2016 திருத்தம் அந்த எல்லையை 5 இலட்சம் ரூபாவாக்கியது. இன்றைய எல்லையைச் சபையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முழு வளவின் விலையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 90 அடி நீளம், 2 அடி அகலம் என்றால் 180 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி; ஆக 0.66 பேர்ச். சண்டை அந்தத் துண்டுக்குத்தான்.

சபையில் நீங்கள் ஒருவர், எதிர்த்தரப்பு ஒருவர் என மத்தியஸ்தர்களைத் தெரிவு செய்வீர்கள்; அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. அங்கே சொன்னதை வழக்கில் சான்றாகப் பயன்படுத்தவும் முடியாது, ஆகவே மனம் விட்டுப் பேசலாம். காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபையும் மட்டக்களப்பு மாவட்டத்தில் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உங்களுடையது உறுதிக்காணி அல்லாமல் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் எப்படியும் பிரதேச செயலாளரிடம் போகத்தான் வேண்டும்.

வெறுங்கையோடு சபைக்குப் போகாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, உறுதியில் சொல்லப்பட்ட பழைய வரைபடத்தைப் புது அளவின் மேல் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர வளவுகள் பலவற்றில் கண் அளவில் வேலி போட்டார்கள். உங்கள் பழைய வேலியே வரைபடத்தை விட்டு விலகி நின்றிருக்கலாம். அதை முதலில் நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

இணங்காவிட்டால் மாவட்ட நீதிமன்றம். எல்லை வரையறுப்பு வழக்கா, காணி மீட்பு வழக்கா என்பதைச் சட்டத்தரணியோடு இருந்து தீர்மானியுங்கள். மீட்பு வழக்கில் உங்கள் உரிமையை நீங்களே நிரூபிக்க வேண்டும். தவறான வழக்கைப் போட்டால் வருடங்கள் வீண். அந்தத் துண்டில் எதிர்த்தரப்பின் ஆட்சி பத்து வருடத்தை எட்டினால், நீண்டகாலம் வைத்திருந்ததாலேயே அது தனக்குச் சொந்தம் என்று ஆட்சியுரிமை கோரும். இழுபறிக்குப் பெரிய காரணம், நீதிமன்ற ஆணைப்படி அளவையாளர் அளந்து கொடுக்கும் அறிக்கை தாமதிப்பது. அதைத் தொடக்கத்திலேயே கேளுங்கள், அளவையாளரின் கட்டணத்தைத் தவணைக்கு முன் கட்டுங்கள்.

சபையில் இணங்கினால், "பழைய இடத்துக்கு வேலியை மாற்றச் சம்மதம்" என்ற ஒரு வரியில் கையொப்பம் வைக்க வேண்டாம். வரைபட இலக்கம், இரண்டு முனைகளிலும் அடி அங்குலம், கல் நாட்டும் நாள், செலவு யாருடையது, தகரத்தை யார் கழற்றுவது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். நிலத் துண்டு எதுவும் கைமாறுவதாகப் பேசி முடித்தால் அந்தக் கடதாசி போதாது; 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன் உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும்.