கை எங்கே, கியர் அங்கே

கேள்வி: பழைய ட்ரையத்லன் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். கியர் லீவர்கள் ஏரோ பாரின் (முழங்கையை ஊன்றி, சாய்ந்து பிடிக்கும் முன்குழாயின்) நுனியில் இருக்கின்றன. எட்டி எட்டியே கியர் மாற்ற வேண்டியிருப்பதால் தோளும் கழுத்தும் நோகின்றன. பாரை வெட்டிவிடலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் முழங்கைப் பட்டையைச் சரிசெய்யுங்கள். சைக்கிளை ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில்) மாட்டி, முழங்கை மூட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சதை பட்டையில் படியுமாறு சாய்ந்துகொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பாரைப் பிடியுங்கள். கை தானாக எங்கே விழுகிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டுங்கள். பிடியைத் தளர்த்தாமல், மணிக்கட்டை முறுக்காமல் லீவரைத் தள்ள முடிய வேண்டும்.

பல பார்களில் கிளாம்பைத் தளர்த்திக் குழாயைப் பின்னுக்கு இழுத்தாலே போதும், வெட்டத் தேவையில்லை. அப்படியும் நீளம் மிஞ்சினால், இடமிருக்கும்வரை பின்முனையை வெட்டுங்கள். நுனி வளைந்த பாரில் முன்முனையை வெட்டப்போனால் வளைவு வந்துவிடும். சிஃப்டரை, அதாவது கியர் லீவரை, உள்ளிருந்து பிடிக்கும் விரியும் ஆப்புக்கு நேரான குழாய் வேண்டும், வளைவில் அது பிடிக்காது. கார்பன் என்றால் மெல்லிய பல் வாள், முகமூடி இரண்டும் கட்டாயம். எந்தக் குழாயானாலும் குறைக்க நினைத்த நீளம் முழுவதையும் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். அந்த நீளத்தில் பாதியை மட்டும் வெட்டியெடுத்து ஒரு வாரம் ஓடிப் பாருங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது.

சிமானோ நிறுவனத்தின் பார்-எண்ட் (பார் நுனி) சிஃப்டரைக் கழற்றும்போது பலர் தடுமாறுவது அந்த ஆப்பில்தான். அதன் மரை தலைகீழ்: அலன் சாவியை இடப்பக்கம் திருப்பினால் இறுகும், வலப்பக்கம் திருப்பினால் தளரும். இது தெரியாமல் இடப்பக்கம் முக்கி முக்கித் திருப்பி ஆப்பை உடைத்தவர்களும், கார்பன் குழாயைப் பிளந்தவர்களும் உண்டு.

பார் குறுகினால் கேபிளின் வெளியுறையையும் அதே அளவு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வில்லாக வளைந்து நிற்கும், லீவர் கனக்கும்.

கேள்வி: பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலி உடனே ஏறுகிறது. சிறியதற்கு இறங்கத்தான் தயங்குகிறது. கேபிளை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.
— வாசகி, தெஹிவளை

பதில்: இறுக்கியது போதும். ஏற்றும்போது இழுப்பது உங்கள் கை, இறக்கும்போது இழுப்பது டிரெயிலியரின் (சங்கிலியைச் சக்கரம் மாற்றும் கருவியின்) சுருள்வில் மட்டுமே. கேபிளில் உராய்வு கூடினால் முதலில் தோற்பது சுருள்வில்தான். ட்ரையத்லன் சைக்கிளில் கேபிள் நீளம், வளைவுகளும் அதிகம். வியர்வையும் இனிப்புப் பானமும் நேராக லீவர்மேல் சொட்டுகின்றன. மரைன் டிரைவில் பழகுபவர்களுக்கு உப்புக் காற்று வேறு.

1.2 மி.மீ. துருவேறா எஃகுக் கேபிளும் 4 மி.மீ. கியர் உறையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் உறையைப் போடாதீர்கள், அது அமுங்கிக் கொடுக்கும். உறையை வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, நசுங்கிய உட்குழலை ஊசியால் திறந்துவிடுங்கள். சங்கிலி மிகச் சிறிய பல்சக்கரத்தில் இருக்கும்போது கேபிளைப் பூட்டுங்கள். ஒரு கிளிக்கில் அடுத்த சக்கரத்துக்கு ஏறாவிட்டால் மட்டும் சரிசெய் திருகைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள்.

முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலிருந்து சங்கிலி தானாக இறங்குகிறதா? அது வேறு கதை. சிமானோ பார்-எண்டில் இடது லீவர் கிளிக் இல்லாமல் உராய்வால் மட்டுமே நிற்பது. அதன் திருகைச் சற்று இறுக்கினால் நிற்கும்.

கேள்வி: சாதாரண ரேஸ் சைக்கிளில் கிளிப் ஏரோ பார் பூட்டினேன். கியரையும் அதற்கு மாற்றவா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மெக்கானிக்கல் (கேபிளால் இயங்கும்) கியர் என்றால் வேண்டாம். நுனியில் வைத்தால் மேட்டில் எழுந்து மிதிக்கும்போதும், யூ வளைவில் பிரேக்கைப் பிடித்திருக்கும்போதும் கியர் கைக்கு எட்டாது. நுனி லீவர்காரர்கள் வளைவுக்கு முன்பே இலகுவான கியருக்கு இறக்கிவிட வேண்டியிருப்பது இதனால்தான். மின்கியர் என்றால் இரண்டு இடத்திலும் பொத்தான் வைக்கலாம். எந்தக் கியரானாலும், கொழும்பு காலி வீதியின் ஓட்டோக்களுக்கு நடுவே ஏரோ பாரில் படுக்காதீர்கள். பிரேக் அங்கே இல்லை.