பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது

2005-இலிருந்து வலைப்பூ (பிளாக்) எழுதுகிறேன். கோவையில் ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், இதற்கு நடுவே எழுநூற்றுச் சொச்சம் பதிவுகள். பழைய கதை கேட்கிறவர்களும் புதிதாக எழுத வருகிறவர்களுமாகப் போன மாதம் நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். என் வயதைக் கேட்ட இரண்டு பேருக்கு மட்டும் பதில் கிடையாது.

அக்கா, அந்தக் காலத்தில் தமிழில் எப்படித் தட்டச்சு செய்தீர்கள்? போன் கீபோர்டெல்லாம் கிடையாதே? (கல்லூரி மாணவி, சேலம்)

அது பெரிய கூத்தும்மா. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அலுவலகம் விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு 20 ரூபாய். பாதி மெஷினில் விண்டோஸ் 98 தான் ஓடும். அதில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். எக்ஸ்பி இருந்தது மூலையில் இருந்த நான்காம் நம்பர் மெஷினில் மட்டும். அதில் எப்போதும் ஒரு பையன் ரம்மி ஆடிக்கொண்டிருப்பான். அவன் எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன்.

பையில் ஒரு பென் டிரைவ், அதில் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பை மென்பொருள். கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் அழித்துவிடுவார், மறுநாள் போய் மறுபடி நிறுவ வேண்டும். நிறுவிவிட்டால் அப்புறம் கவலையில்லை. ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினால் ‘அம்மா’ வந்து நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பக்கத்து மெஷின்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ‘சரிங்க’ என்றார்.

எனக்கும் முன்னால் வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கு ஆளுக்கொரு குறியீட்டு முறை: டிஸ்கி ஒரு பக்கம், டாப், டாம் இன்னொரு பக்கம், போதாததற்குப் பத்திரிகைக்குப் பத்திரிகை ஒரு தனி எழுத்துரு. ஒருத்தர் எழுதியது இன்னொருத்தருக்குக் கிறுக்கலாகத் தெரியும். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு முறை வந்துதான் இந்தச் சண்டை அடங்கியது. யூனிகோடு தெரியாத பழைய மெஷின்காரர்களுக்காக அதிராம்பட்டினத்துக்காரர் உமர் தம்பி ‘தேனீ’ எழுத்துருவைச் செய்து கொடுத்தார். வலைப்பூவின் டெம்ப்ளேட்டில் சேர்த்துவிட்டால் போதும், விண்டோஸ் 98-இலும் தமிழ் தெரியும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான். 2006-இல் அவர் காலமானார். அவர் பெயர் தெரியாமலே அவர் எழுத்தில் படித்தவர்கள் ஏகப்பட்ட பேர்.

இன்னொரு தமாஷ். பதிவு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு ஓரமும் நேராக வருகிற மாதிரி வைத்தால், அப்போதைய ஃபயர்பாக்ஸில் எழுத்தெல்லாம் உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடக்கும். ‘தயவுசெய்து ஜஸ்டிஃபை பண்ணாதீர்கள்’ என்பதுதான் எனக்கு வந்த முதல் பின்னூட்டம். பதிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழைய பதிவர்கள் எல்லோரும் தமிழ்மணம், தமிழ்மணம் என்று பெருமூச்சு விடுகிறீர்களே, அதில் அப்படி என்ன இருந்தது? (ஐடி ஊழியர், சென்னை)

அது ஒரு திரட்டி. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கினார். யார் எங்கே புதிதாக எழுதினாலும் அந்த வலைப்பூவின் ஓடையை (ஃபீட்) பிடித்துத் தலைப்பையும் முதல் சில வரிகளையும் ஓரிடத்தில் காட்டும். தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் என்று வேறு திரட்டிகளும் வந்தன. தமிழிஷ் பிறகு இன்ட்லி ஆனது. ஆனால் காலையில் காபியோடு முதலில் திறந்தது தமிழ்மணத்தைத்தான்.

அதில் புதுப்பதிவுகள் ஒரு பட்டியல், புதிய மறுமொழி வந்த பதிவுகள் இன்னொரு பட்டியல். இரண்டாவதுதான் விஷயமே. மூன்று நாள் முன்பு எழுதிய பதிவானாலும் யாராவது ஒரு பின்னூட்டம் போட்டால் மறுபடி முகப்புக்கு வந்துவிடும். அதனால் பின்னூட்டம் என்பது வெறும் பாராட்டு இல்லை, பதிவுக்கு ஏற்றுகிற மூச்சு. ஒருத்தர் எழுதியதை நாலு பேர் பேசிப் பேசியே உயிரோடு வைத்திருந்தார்கள். என் பதிவுகளில் பாதிக்கு, கீழே நடந்த பேச்சுதான் மேலே நான் எழுதியதைவிட நன்றாக இருக்கும். இதை நான் தன்னடக்கத்தில் சொல்லவில்லை, போய்ப் படித்துப் பாருங்கள்.

வாரம் ஒருத்தரை நட்சத்திரமாக்குவார்கள். அந்த வாரம் முழுக்கத் தினமும் எழுத வேண்டும். எனக்கும் ஒரு முறை கிடைத்தது. அந்த ஏழு நாளும் எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

மீ த ஃபர்ஸ்ட்டு, கும்மி, கயமை... இதெல்லாம் என்ன மொழி அக்கா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி)

நம் மொழிதான். பதிவைப் படிக்காமலே முதல் ஆளாக வந்து துண்டு போட்டு இடம் பிடிப்பது ‘மீ த ஃபர்ஸ்ட்டு’. பதிவுக்குச் சம்பந்தமே இல்லாமல் நாலைந்து பேர் பின்னூட்டத்தில் உட்கார்ந்து அரட்டை அடித்தால் கும்மி. விஷயமே இல்லாத பதிவு மொக்கை. அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, ‘இன்று ஒரு மொக்கை’ என்று தலைப்பே வைப்பார்கள். தன் பதிவைத் தூக்கிவிடத் தானே அடுத்தடுத்துப் பின்னூட்டம் போட்டுக்கொள்வது பின்னூட்டக் கயமை. பெயர் சொல்லாமல் வருபவர் அனானி. ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கு ‘ரிப்பீட்டேய்’. தமிழ்மணத்தில் ஓட்டுப் போட்டாயிற்று என்று கணக்குச் சொல்ல ‘த.ம. 4’. வருத்தப்படாத வாலிபர் சங்கம் என்ற பெயரில் 2006-இலேயே ஒரு கூட்டுப் பதிவு இருந்தது, அந்தப் பெயரில் படம் வந்தது 2013-இல்.

எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையில் எதுவுமே நடப்பதில்லையே? காலையில் சமையல், மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அவ்வளவுதான். (இல்லத்தரசி, திண்டுக்கல்)

எனக்கு இன்றுவரை அதிகப் பின்னூட்டம் வந்தது குக்கர் கேஸ்கட் பதிவுக்கு. கதை இவ்வளவுதான். குக்கரில் ஆவி ஓரமாகப் போனது. கேஸ்கட் வாங்கப் பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ‘எத்தனை லிட்டர்?’ என்றார். தெரியவில்லை. ‘மூடி உள்ளே போறதா, வெளியே மூடறதா?’ என்றார். பதினோரு வருஷமாகத் தினமும் இரண்டு வேளை மூடித் திறக்கிற மூடி. கையைக் காற்றில் மூடுகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். கை தானாகத் திரும்பியது, ஆனால் உள்ளேயா வெளியேயா என்று வாயில் வரவில்லை. மறுநாள் மூடியை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் ‘அதுக்கும் டிக்கெட்டா?’ என்றார்.

64 பின்னூட்டம். பாதிப் பேர் எழுந்துபோய்த் தங்கள் வீட்டு மூடியைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள். துபாயில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்த ஒருத்தர், அம்மாவுக்கு போன் போட்டு அவர்கள் வீட்டு மூடியைக் கேட்டதாக எழுதினார்.

அதனால் ‘எதுவுமே நடப்பதில்லை’ என்று என்னிடம் சொல்லாதீர்கள். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது நேற்று எந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது? அந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள். ஆனால் பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், போட்டோ மூன்றும் வேண்டாம். பெரியவன் ஆனதும் அவன் படிப்பான். என் மகன் படித்துவிட்டு மூன்று பதிவுகளை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

எப்போது எழுதுவீர்கள்? (பெயர் போடாதவர்)

ராத்திரி பத்து மணிக்கு மேல். இல்லையென்றால் பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கத்தில் நாலு வார்த்தை.

மோசமான பின்னூட்டங்களை எப்படிச் சமாளித்தீர்கள்? எனக்கு ஒரே ஒரு ஆள் விடாமல் அசிங்கமாக எழுதுகிறார், மூடிவிடலாமா என்று இருக்கிறது. (ஆசிரியை, தஞ்சாவூர்)

மூடாதீர்கள். பின்னூட்ட மட்டுறுத்தலைப் போட்டுவிடுங்கள், நீங்கள் பார்த்து அனுமதித்தது மட்டும் வெளியே வரும். அனானி வசதியையும் கொஞ்ச நாளுக்கு எடுத்துவிடுங்கள். அழிக்கும் முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மிரட்டல் என்ற அளவுக்குப் போனால் சைபர் குற்றப் பிரிவில் காட்ட அதுதான் கையில் இருக்கும். பதில் மட்டும் சொல்லாதீர்கள், அவருக்கு வேண்டியதே அதுதான்.

சும்மா சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். பெண்கள் வேலைக்குப் போவது பற்றி 2008-இல் ஒரு பதிவு எழுதப்போய், அதற்கு எதிர்ப்பதிவு, எதிர்ப்பதிவுக்கு எதிர்ப்பதிவு என்று இரண்டு வாரம் ஓடியது. என் வீட்டுக்காரரை இழுத்தார்கள், சமையலை இழுத்தார்கள். அன்றைக்கே பதில் எழுதினேன், அதுதான் தப்பு. ராத்திரி ஒரு மணிக்கு எழுதிய பதிலைக் காலையில் படித்தால் எழுதியது நான்தானா என்று இருந்தது. மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு ஆதரவாகப் பேசியவர்களில் ஒருத்தர், நான் அதற்கு முன்பு மூன்று முறை வம்படியாகச் சண்டை போட்டவர். இன்றைக்கும் தீபாவளிக்கு போன் பண்ணுவார்.

பதிவர் சந்திப்பு என்றால் போண்டா என்கிறார்களே? (மதுரை வாசகர்)

சென்னையில் மெரினா காந்தி சிலை பக்கம் கூடி, பேசி முடித்து எங்காவது டீ, போண்டா சாப்பிட்டுக் கலைவார்கள். சந்திப்பு பற்றி மறுநாள் வரும் பதிவில் போண்டாவுக்கு ஒரு பத்தி கட்டாயம். அப்புறம் பெரிய அளவில் நடத்தினார்கள். 2012-இலும் 2013-இலும் சென்னை, 2014 அக்டோபரில் உங்கள் மதுரை, 2015 அக்டோபரில் புதுக்கோட்டை. மதுரைக்கு நான் வந்திருந்தேன். எழுத்தில் புலியாகப் பாய்கிற ஒருத்தர், நேரில் வாயையே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், ‘அந்த கேஸ்கட் சரியாகிடுச்சுங்களா?’ என்றார்.

ஃபேஸ்புக் வந்துதான் வலைப்பூ செத்ததா? (ஆய்வு மாணவர், புதுச்சேரி)

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. முதலில் இடம் மாறியது பதிவு இல்லை, பின்னூட்டம். இணைப்பை அங்கே பகிர்ந்தால் ‘அருமை’ அங்கேயே விழும், வலைப்பூவுக்கு வந்து யாரும் எழுத மாட்டார்கள். பெட்டி காலியாகக் கிடந்தால் எழுதுகிறவர் கையும் தளர்ந்துவிடும். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் நின்றது இன்னொரு அடி. அதில் ஐம்பது அறுபது வலைப்பூக்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். திரட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

இதில் பணம் வருமா? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். எனக்கு வந்ததை வைத்து இரண்டு கேஸ்கட் வாங்கலாம்.

அக்கா, என் அப்பா 2007 முதல் 2014 வரை எழுதினார். போன வருடம் தவறிவிட்டார். அவர் வலைப்பூ இன்னும் இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது? (ஈரோடு)

தம்பி, இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

அவருடைய பாஸ்வேர்டு உங்களிடம் இருந்தால் இன்றே உள்ளே போங்கள். இரண்டு வருஷம் யாரும் நுழையாத கணக்கை நீக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது. கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் (பிளாக்ஸ்பாட் முகவரி இதனுடையதுதான்) செட்டிங்ஸ் பகுதியில் பேக்-அப் எடுக்கும் வசதி உண்டு. இறங்குகிற கோப்பில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும். படம் இருக்காது, படத்தின் முகவரிதான் இருக்கும். படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அப்பாவின் கூகுள் போட்டோ ஆல்பங்களை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். பழைய பதிவுகளின் படங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கக்கூடும், அழித்தால் பதிவிலிருந்தும் போய்விடும்.

பாஸ்வேர்டு இல்லையென்றால் பக்கவாட்டில் இருக்கும் மாதவாரிப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பதிவாகத் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். பின்னூட்டம் முழுவதும் விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆக்குங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினிலும் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம். எதையாவது அவர் ஏற்கெனவே நீக்கியிருந்தால்கூட அங்கே அகப்படலாம்.

அவர் யாருக்காவது கொடுத்த இணைப்பில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று இருந்து, திறந்தால் வேறு ஏதோ வந்தால் பயப்படாதீர்கள். 2012 முதல் இந்தியாவில் படித்தவர்களை அந்த முகவரிக்குத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். 2020-இல் அது கைமாறிவிட்டது. இன் என்பதைக் காம் என்று மாற்றிப் பாருங்கள், அப்பா அங்கே இருப்பார்.

ஒன்றே ஒன்று மட்டும் திரும்பி வராது. ஃபேஸ்புக் மாதிரி இருந்த கூகுள் பிளஸ் கணக்கு வழியாகப் பின்னூட்டம் போடும் முறையை அவர் வைத்திருந்தால், கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டபோது அந்தப் பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருக்கிற பின்னூட்டங்களில் அப்பா எழுதிய பதில்களைத் தனியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பதிவில் கொஞ்சம் தயாரித்துக்கொண்டு பேசியிருப்பார். வீட்டில் உங்களிடம் பேசிய குரல் பதில்களில்தான் கிடைக்கும்.

நீங்கள் இப்போதும் எழுதுகிறீர்களா? (கல்லூரி மாணவி, சேலம், மறுபடியும்)

மாதம் ஒன்று. போன மாதம் மொட்டைமாடியில் வடகம் போட்டு, காக்காயை விரட்ட என் பழைய கறுப்புத் துப்பட்டாவைக் கொடியில் கட்டிய கதையை எழுதினேன். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் ராத்திரி ஒரு அனானி: ‘மீ த ஃபர்ஸ்ட்டு’. இரண்டாவதாக இன்னும் யாரும் வரவில்லை.