பனி விழுந்தால்தான் கதை: க்ரீ மொழியும் பாலர் வகுப்பும் – கேள்வி பதில்

கனடாவின் சஸ்கட்டூனில் ஒரு பாலர் வகுப்பில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். க்ரீ என்பது இந்த நாட்டுப் பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவினர், அவர்கள் மொழிக்கும் அதே பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு க்ரீ சொல்லித் தருவது நான் அல்ல, வகுப்புக்கு வரும் ஒரு க்ரீ பாட்டி. நான் அவருக்குக் கையாள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து நானும் படித்ததை வைத்துச் சொல்கிறேன். மேற்குச் சமவெளியில் பேசும் க்ரீயைத்தான் சொல்கிறேன். அதன் பெயர் நேஹியவேவின்.

அக்கா, மகளின் பள்ளியில் க்ரீ வசந்த விழாவாம். அவர்களுக்கு எத்தனை பருவம்? (வினிபெக்கிலிருந்து ஒரு அம்மா)

ஆறு. நம் பெரும்பொழுதும் ஆறுதான், ஆனால் பிரிப்பு வேறு. சீக்வன் என்பது வசந்தம், மியோஸ்கமின் ஆற்றில் பனிக்கட்டி உடையும் காலம், நீபின் கோடை, தக்வாகின் இலையுதிர் காலம், மிகிஸ்காவ் நீர் உறையும் காலம், பிபொன் குளிர்காலம். உடையும் காலமும் உறையும் காலமும் ஏன் தனிப் பருவமாயின? அந்தச் சில வாரங்களில் ஆற்றில் படகும் ஓடாது, சறுக்கு வண்டியும் போகாது. இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான்.

மிகிஸ்காவை நாங்கள் ஒரு கிண்ணத்தை வைத்துச் சொல்லித் தருகிறோம். அக்டோபர் கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க் கிண்ணம் வைப்போம். காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பிள்ளை போய் விரலை விட்டுப் பார்க்கும். நனைந்தால் "நிபிய்", தண்ணீர். விரல் தட்டி நின்றால் "மிஸ்குவமிய்", பனிக்கட்டி. நடுவில் சில நாள் மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும், குத்தினால் உடையும். அன்று எந்தச் சொல் என்று நான்கு வயதுப் பிள்ளைகள் போடும் சண்டையைப் பார்க்க வேண்டும். முதன்முதலாக முழுதும் உறைந்த நாளில் எல்லோருக்கும் சூப்பும் பானக்கும். பானக் என்பது அவர்களின் ரொட்டி. விழா என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

வருஷத்தில் ஒரு நாள் மேடை போட்டு, இறகுக் கிரீடம் செய்து, பாட்டுப் பாடினால் போதாதா?

இறகுக் கிரீடம் வேண்டாம். கழுகு இறகு அவர்களுக்கு மரியாதையோடு பெறும் பொருள், காகிதத்தில் வெட்டி ஒட்டும் பொருள் அல்ல. மேடைக்கு மனப்பாடம் செய்த பாட்டு மறுநாளே மறந்துவிடும். கிண்ணத்தில் விரல் விட்ட பிள்ளைக்கு மிஸ்குவமிய் மறக்காது.

குளிர்காலத்தில் மட்டும் கதை சொல்வார்களாமே, உண்மையா?

வீசாகேசாக் கதைகளுக்கு அந்தக் கட்டு உண்டு. வீசாகேசாக் குறும்பன், ஏமாற்றுபவன், தானே ஏமாந்தும் போகிறவன். தரையில் பனி கிடக்கும்போதுதான் அவன் கதை. இது தெரியாமல் என் முதல் வருடம் மே மாதத்தில் ஒரு விருந்தாளி வருகிறார் என்று பாட்டியிடம் "ஒரு கதை சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பச்சைப் புல். "பனி எங்கே?" என்றார். அவ்வளவுதான், மாவைப் பிசையப் போய்விட்டார். எனக்கு முகம் சிவந்தது. இப்போது முதல் பனி விழுந்த காலையில் பிள்ளைகளே ஓடிவந்து "கோனா! கோனா!" என்று கத்திவிட்டு அவர் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். கோனா என்றால் பனி.

இலக்கணம் கஷ்டமா? தமிழ்ப் பிள்ளைக்கு வருமா? (ஸ்கார்பரோ)

நம் பிள்ளைக்குச் சில இடங்களில் வழி சுலபம். நாம், நாங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் உண்டு: கியானாவ், நியனான். அவன், அவள் என்ற பால் வேறுபாடு கிடையாது. இருப்பது திணை மாதிரி ஒன்று, உயிருள்ளது, உயிரற்றது என்று. ஆனால் நம் கணக்கு அங்கே செல்லாது. கல் உயிருள்ளது, அசினிய். பனிச்செருப்பு உயிருள்ளது. ராஸ்பெர்ரி உயிருள்ளது, ஸ்ட்ராபெர்ரி உயிரற்றது! ஏன் என்று பாட்டியிடம் கேட்டேன். "அப்படித்தான்" என்றார். பெரியவர்கள் இதில் விதி தேடி மாட்டிக்கொள்கிறோம். பிள்ளைகள் பன்மை விகுதியோடு அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். உயிருள்ளதற்கு 'அக்', அசினியக். உயிரற்றதற்கு 'அ', மஸ்கிசின் என்ற காலணி மஸ்கிசினா ஆகும்.

உறவுச்சொல்தான் எனக்குப் பிடித்தது. நோஹ்கொம் என் பாட்டி, கோஹ்கொம் உன் பாட்டி. வெறும் 'பாட்டி' என்று யாருடையவரும் அல்லாமல் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்றதும் இதே கணக்குத்தான். இன்னும் கேளுங்கள்: நிசிஸ் என்றால் தாய்மாமன், மாமனாரும் அதே சொல். நிசிகோஸ் என்றால் அப்பாவின் அக்கா தங்கை, மாமியாரும் அதே. மாமா, அத்தை! இதைப் பாட்டியிடம் சொன்ன அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எழுத்தும் கற்பிக்கிறீர்களா?

கொஞ்சம். எழுத்தின் வடிவம் மெய்யைக் காட்டும், அது திரும்பியிருக்கும் திசை உயிரைக் காட்டும். முக்கோணம் மேலே பார்த்தால் இ, கீழே பார்த்தால் ஏ, வலப்பக்கம் ஒ, இடப்பக்கம் அ. பானக் மாவில் முக்கோணம் வெட்டித் திருப்பித் திருப்பி வைத்து விளையாடுவோம். 1840இல் ஜேம்ஸ் எவான்ஸ் என்ற மிஷனரி அமைத்தது என்று புத்தகங்கள் சொல்லும். தங்கள் முன்னோர் ஒருவருக்கு ஆவி உலகில் கிடைத்தது என்பது க்ரீ மரபு. எங்கள் வகுப்பில் பாட்டி சொல்வதைத்தான் சொல்கிறோம்.

பள்ளிக்கே வாத்து விடுமுறை விடுவார்களாமே? (சென்னை)

அது கிழக்கே, கியூபெக்கின் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம், ஈயூ இஸ்ட்சீ என்ற க்ரீ மக்களின் நிலத்தில். வசந்தத்தில் காட்டு வாத்துகள் வடக்கே திரும்பும்போது பள்ளி மூடிவிடும், குடும்பத்தோடு வேட்டை முகாமுக்குப் போவார்கள். அங்கேதான் நடை பழகிய குழந்தைக்கு வெளிநடைச் சடங்கும் உண்டு. விடியலில் கூடாரத்திலிருந்து கைப்பிடித்து நடத்தி வருவார்கள். பையன் கையில் பொம்மைத் துப்பாக்கி, பெண்குழந்தைக்குச் சின்னக் கோடாலி. திரும்பி வந்து பெரியவர்களுக்குக் கொண்டுவந்ததைக் கொடுக்கும், பிறகு விருந்து. எங்கள் பக்கத்தில் இது இல்லை, பள்ளியில் நடித்துக் காட்டவும் மாட்டோம்.

இந்த மொழியைப் படித்து என்ன லாபம்?

பாட்டியோடு பேசலாம்.

உறைவிடப் பள்ளிகளைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

சுருக்கமாக, பொய் இல்லாமல். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த பள்ளிகள் அவை. 1990களின் பிற்பாதி வரை நாட்டில் இருந்த அந்தப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்குப் பிள்ளைகளை அடித்தார்கள். இன்றைக்குப் பல தாய்மாருக்குச் சொல் தெரியாததற்கு அதுவும் காரணம். செப்டம்பர் 30 அன்று அந்தப் பிள்ளைகளை நினைத்து ஆரஞ்சுச் சட்டை போடும்போது, "சில பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிப்போய் அவர்கள் மொழியைப் பேச விடவில்லை, நாம் பேசுகிறோம்" என்கிறோம். நான்கு வயதுக்கு அது போதும். எங்கள் வகுப்பில் ஒரு தாய் கூட்டிப்போக வரும்போது கதவருகே நின்று மகனிடமிருந்து சொல் பொறுக்குவார். அதனால் வாரம் ஐந்து சொல்லைத் தாளில் எழுதி வீட்டுக்கும் அனுப்புகிறோம்.

வீட்டில் எதிலிருந்து தொடங்கலாம்?

ஏவல்: ஆஸ்தம் (வா), அபி (உட்கார்), மீசிசோ (சாப்பிடு). நிறமும் எண்ணும் பிறகு வரட்டும். சந்தேகத்துக்கு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் 'இத்வேவினா' இணைய அகராதி நல்லது.

பெர்ரி பறிக்க எப்போது போகலாம்?

ஜூலையில். எங்கள் ஊர்ப் பெயரே மிசாஸ்க்வதோமின் என்ற பெர்ரியிலிருந்து வந்ததுதான். பறிக்கும் முன் பாட்டி செடியடியில் கொஞ்சம் புகையிலை வைத்து நன்றி சொல்வார், அதுவரை ஒரு கையும் நீளக்கூடாது. நீளக்கை சட்டை போட்டு அனுப்புங்கள். கொசு சகிமேஸ், உயிருள்ளது, பன்மை சகிமேசக். பன்மையையே முதலில் கற்றுக்கொள்ளுங்கள், ஒற்றையாக வராது.