கேள்வி நேரம்: முகமூடி இல்லாமல் வரமாட்டேன்

கேள்வி: ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்கள் முகமூடி போடும் வழக்கத்தை யார் கொண்டுவந்தது? டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மகன் கேட்டான்.
— ஒரு வாசகி

பதில்: ஜாக் பிளான்ட் என்று மகனிடம் சொல்லுங்கள். கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர், மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் கோல்கீப்பர். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு வீரர் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. பக் என்பார்கள், 3 அங்குல அகலம், 1 அங்குல கனத்தில் கெட்டி ரப்பர் வில்லை. உறைய வைத்துத்தான் ஆடுவார்கள். அதை வெறும் முகத்தோடு எதிர்கொண்டார்கள்! பிளான்டுக்கு மூக்கும் கன்ன எலும்பும் முன்பே உடைந்திருந்தன. பயிற்சியின்போது முகமூடி போட அனுமதி உண்டு; போட்டியில் கூடாது என்றார் பயிற்சியாளர் டோ பிளேக். பார்வையை மறைக்கும், கவனம் குறையும் என்பது அவர் வாதம்.

1959 நவம்பர் 1, நியூயார்க். ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளான்டின் முகத்தைக் கிழித்தது. உள்ளே கூட்டிப்போய்த் தையல் போட்டார்கள். அப்புறம் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: முகமூடி இல்லாமல் திரும்ப வரமாட்டேன். அந்தக் காலத்தில் அணிகள் மாற்று கோல்கீப்பரைக் கூட்டிப்போவதில்லை. பிளேக் என்ன செய்வார், சம்மதித்தார். மான்ட்ரியல் 3-1 என்று ஜெயித்தது.

காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்று பிளேக் எதிர்பார்த்தார். பிளான்ட் கழற்றவில்லை. அணியும் 18 ஆட்டங்கள் தோற்காமல் ஓடியது. 1960 மார்ச்சில் பிளேக் கேட்டுக்கொண்டதற்காக ஒரே ஒரு நாள் பிளான்ட் முகமூடி இல்லாமல் ஆடினார். டெட்ராய்டிடம் 0-3 தோல்வி. மறுபடி போட்டுக்கொண்டார். அந்த வருடமும் சாம்பியன் அணிக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை மான்ட்ரியலுக்குத்தான், தொடர்ந்து 5-வது முறையாக. அவரைக் கோழை என்று நினைத்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கேள்வி: அவருக்கு முன்னால் யாருமே போட்டதில்லையா?

பதில்: உண்டு. 1930-ல் கிளின்ட் பெனடிக்ட் தோல் முகமூடி போட்டார். சரியாகக் கண் தெரியவில்லை, விட்டுவிட்டார். பிளான்டுடையது அவர் முகத்துக்கு அச்செடுத்துச் செய்த ஃபைபர்கிளாஸ்.

கேள்வி: முகமூடியை விட்டால் அவரிடம் வேறு என்ன சிறப்பு?

பதில்: நிறைய. கோல் வளையத்தை விட்டு வெளியே வந்து, பின்பக்கம் போகும் பக்கைத் தானே தடுத்துத் தன் ஆட்களுக்குத் தள்ளிவிடுவார். இன்று எல்லா கோல்கீப்பர்களும் செய்வதுதான். அன்று பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை 7 முறை வாங்கினார். 11 பிள்ளைகளில் மூத்தவர், ஆஸ்துமாக்காரர், சிறு வயதிலேயே பின்னல் வேலை கற்றவர். பெரிய ஆட்டக்காரர் ஆன பிறகும் தன் கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னிக்கொண்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரைப் பிடிக்கும்.

1970-ல், 41 வயதில், செயின்ட் லூயிஸ் அணிக்காக ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் நின்றார். பாஸ்டன்காரர்கள் அடித்த பக் நெற்றியில் பட்டு முகமூடி உடைந்தது. மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அது இல்லையென்றால் செத்திருப்பேன் என்றார் பிளான்ட். அடுத்த சீசனில் டொரான்டோ அணிக்காக மறுபடி கோல் காக்க வந்துவிட்டார்.